யார் காதுக்குப் பேசுகிறார்கள்?



ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்குமான கடலோரத்துக்கென்று ஒரு சிறப்பிதழ் போடுகிறோம், இரண்டு பக்கத்துக்குள் ஒரே ஒரு காட்சி எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். முழுக் கதை வேண்டாம். இரண்டு பேர், ஓர் இடம், கொஞ்ச நேரம், அவர்கள் பேச்சு, அவர்களைச் சுற்றி இருப்பது, அவ்வளவு போதும் என்றோம். வந்து குவிந்த பக்கங்களைப் பார்த்து மனம் நிறைந்துவிட்டது. கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதியவர்கள் உண்டு. கைப்பேசியில் தட்டி அனுப்பியவர்கள் உண்டு. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த கையோடு எழுதினேன் என்று ஓரத்தில் குறிப்பு வைத்தவர்களும் உண்டு. பலர் முதன்முறையாக எழுதுகிறவர்கள். அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டும்போது, இத்தனை நாள் இவர்களை யாரும் கேட்காமல் விட்டிருக்கிறார்களே என்றுதான் தோன்றியது.

தேர்ந்த காட்சிகளை அடுத்த இதழில் காண்பீர்கள். மற்றவர்களுக்கு ‘திருத்தி அனுப்பவும்’ என்று ஒற்றை வரியில் பதில் போட மனம் வரவில்லை. எங்கே திருத்துவது, ஏன் திருத்துவது என்று உட்கார்ந்து பேசத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

பல பக்கங்களில் ஒரே இடறலைக் கண்டேன். எண்ணூர்க் குப்பம் ஒன்றில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொல்கிறாள்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கழிமுகத்தில் பரவியது, படகும் வலையும் கறுத்துப்போயின, நம் வாழ்வாதாரமே பாதிக்கப்பட்டது என்று. சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவள் யார்? அதே எண்ணெயில் முழங்கால் அளவு நின்றவள். கறுத்த வலையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தவள். அவளுக்கு இந்தச் செய்தி எதற்கு? அந்தப் பேச்சு அவளுக்காகப் பேசப்படவில்லை, நமக்காகப் பேசப்பட்டது. எழுதியவர் நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறார். இந்த அநியாயம் எல்லாருக்கும் தெரியவேண்டும் என்ற தவிப்பு அந்த வரிகளில் இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு பெண்களும் அங்கே உயிரோடு இல்லை.

தமிழில் இதைப் பற்றி நெடுங்காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறார். மாத்திரை, எழுத்து, அசை என்று தொடங்கும் அந்த வரிசையின் நடுவே கூற்று வருகிறது. அதை அடுத்துக் கேட்போர் வருகிறது. பிறகு களன், காலம். யார் சொல்வது, யார் கேட்பது, எந்த இடம், எந்தப் பொழுது. இன்னும் தள்ளி மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவையும் வருகின்றன. உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. சொல்லாமல் விட்டது எச்சம். இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார் இன்னாருக்குச் சொன்னது என்று குறிப்பால் உணரவைப்பது முன்னம். ஒரு காட்சி எழுதுகிறவருக்கு இதற்கு மேல் ஒரு பாடத்திட்டம் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கேட்போரை ஓர் உறுப்பாகவே வைத்தார்கள் என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. சங்க அகப்பாடல்கள் எல்லாமே யாராவது ஒருவர் யாருக்காவது சொன்னவை. தலைவி சொன்னது, தோழி சொன்னது, செவிலி சொன்னது. கவிஞர் தம் குரலில் எட்டிப்பார்ப்பதே இல்லை. அதிலும் ‘சிறைப்புறம்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. தோழி தலைவியிடம் பேசுவாள். ஆனால் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கும் தலைவன் காதில் விழவேண்டும் என்றே பேசுவாள். நெய்தல் நிலத்தின் உப்பும் மீனும் புன்னை மரமும் அந்தப் பேச்சுக்குள்ளேயே வந்துவிடும். தனியாக வருணனை என்று ஒன்று எழுதவேண்டி இருக்காது.

நம் ராயபுரமும் திருவொற்றியூரும் எண்ணூரும் அதே நெய்தல் நிலம். சிறைப்புறத்துக்கு இங்கே பஞ்சமே கிடையாது. ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம் என்று வாழ்கிற சந்துகளில், பிள்ளையைத் திட்டுகிற அம்மா பல நேரம் பிள்ளையைத் திட்டுவதில்லை. வாடகை கேட்டு வாசலில் நிற்கிறவருக்கோ, தண்ணீர்க் குழாயில் முந்திக்கொண்ட பக்கத்து வீட்டுக்கோதான் அந்தத் திட்டு. இதை நம் வாசகர்கள் ஒவ்வொருவரும் காதாரக் கேட்டிருக்கிறார்கள். எழுதும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறது.

எண்ணெய்க் கசிவையே எடுத்துக்கொண்டு, கேட்கிறவளை மாற்றி, ஒரு காட்சியை எழுதிப் பார்க்கிறேன். முழுக்கக் கற்பனை. சம்பவம் நடந்து சில வாரம் கழித்து, திருவொற்றியூர் தேரடிப் பக்கம், காலை நேரம்.

வெயில் இன்னும் எதிர்ச்சுவரைத் தாண்டவில்லை. அலுமினியத் தட்டில் மடவை மீன்கள் அடுக்கியிருந்தன. அடுக்கு குலையவில்லை, இன்னும் போணி ஆகவில்லை.

“இன்னா கண்ணு, பாத்தும் பாக்காத மாரி போறே?”

“இல்லக்கா, இன்னிக்கு செவ்வாக்கெழம.”

“போன செவ்வாக்கெழம வாங்கிக்கினுதானே போனே?”

பதில் இல்லை. மீன்காரம்மா ஒரு மீனை எடுத்துச் செவுளை விரலால் பிளந்து காட்டினாள்.

“பாரு, எப்பிடி செவசெவன்னு கீது. காத்தால புட்ச்சது.”

“எந்தூரு மீனுக்கா?”

பலகையைத் தட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

“காசிமேடு. வேற எங்கேர்ந்து வரும்?”

பையோடு நின்றவள் குனிந்தாள். மீனைப் பார்க்கவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் நீட்டியிருந்த காலைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தைச் சுற்றிக் கறுப்பு அப்பியிருந்தது. சேலைக் கரை வந்து அதை மூடியது.

“அரக் கிலோ போடுக்கா.”

“செவ்வாக்கெழம இன்னியே?”

“அம்மாவுக்கு. அவங்க சாப்புடுவாங்க.”

“கழுவித் தரட்டா?”

“வேணாங்க்கா. நறுக்கிக் குடு, போதும். ஊட்ல போயி நான் கழுவிக்கிறேன்.”

அவ்வளவுதான். இதில் எண்ணெய் என்ற சொல்லே வரவில்லை. எண்ணூர் என்ற பெயரும் வரவில்லை. ஆனால் இருவருக்கும் தெரியும். படிக்கிற உங்களுக்கும் தெரியும். எண்ணூர் மீன் என்றால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் விற்கிறவள் தன் ஆற்றை மறைக்கிறாள். தான் பிறந்து வளர்ந்த ஆற்றின் பெயரைச் சொல்ல முடியாமல் போவது எப்பேர்ப்பட்ட இழிவு! தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் இதற்கு இளிவரல் என்று பெயர். அதை நான் சொல்லவில்லை, சேலைக் கரை சொல்கிறது. வாங்குகிறவள் இரக்கப்பட்டு வாங்கிவிட்டாள். ஆனால் அவள் சந்தேகம் தீரவில்லை, வீட்டுக்குப் போய்த் தானே கழுவிக்கொள்வாள். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள். அந்தக் கசிவு என்ன செய்தது என்பதற்கு இதைவிட வேறு அறிக்கை எனக்குத் தேவைப்படவில்லை.

வருணனை எவ்வளவு குறைவு என்று பாருங்கள். குலையாத அடுக்கு, செவுள், கத்தி, நகம், சேலைக் கரை. ஒவ்வொன்றையும் அந்த இருவரில் ஒருவர் பார்க்கிறார், அல்லது தொடுகிறார். யாரும் பார்க்காத எதையும் நான் எழுதவில்லை. உங்கள் காட்சிகளில் ‘நீலக்கடல் ஆர்ப்பரித்தது’ என்று வருகிற இடங்களில் எல்லாம் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். யாருக்கு ஆர்ப்பரித்தது? காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர் அந்த நேரத்தில் கடலைத் திரும்பிப் பார்ப்பாரா?

கரையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பல காட்சிகளில் திருவொற்றியூர்க் கரையில் காதலர்கள் மணலில் அமர்கிறார்கள், மணலில் பெயர் எழுதுகிறார்கள். அங்கே அந்த மணல் எங்கே இருக்கிறது? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டன. தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகர்ந்து வருகிற மணலை அவை மறித்துவிட்டன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. ராயபுரத்துக்கு வடக்கே தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. அதனால்தான் இன்று அங்கே கருங்கல் குவியலும் கடலுக்குள் வளைந்து நீளும் தூண்டில் வளைவுகளும். ஆகவே உங்கள் காதலர்கள் உட்காருவது பாறாங்கல்லில். இரண்டு கல்லுக்கு நடுவே செருப்பு விழுந்தால் எடுப்பது பாடு. அந்தக் கல்லில் உட்கார்ந்து, “இங்கதான் எங்க தாத்தா வூடு இருந்துச்சாம்” என்று கடலைக் காட்டி ஒரு பெண் சொல்லட்டும். இந்த ஊர்க் காதல் காட்சி அது. வேறெந்தக் கடற்கரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போய் வைக்க முடியாது.

ராயபுரம் ரயில் நிலையத்துக்கும் இதுவே. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் அங்கிருந்துதான் புறப்பட்டது. அந்தப் பழைய கட்டடம் இன்னும் தன் தூண்களோடு நிற்கிறது. அந்தப் பெருமையை ஒரு சுமைத் தொழிலாளியின் வாயில் வைத்துப் பேச வைத்திருந்தார் ஒருவர். வேலை முடித்து வந்து நிற்கிறவருக்கு அந்தத் தூணின் நிழல்தான் முக்கியம். நிழலில் சாயட்டும். முதுகுக்கு அது குளிர்ச்சியாக இருக்கட்டும். ஆண்டைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்த வாத்தியார் சொல்லட்டும். பிள்ளைகள் கவனிக்காமல் தண்டவாளத்தைப் பார்க்கட்டும்.

இதைச் சொல்லும்போது புதுமைப்பித்தன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ தொடங்குவது நம் பகுதியின் தெற்கு வாசலில், பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில். கந்தசாமிப் பிள்ளை அங்கே நின்றுகொண்டு டிராமில் போவதா பஸ்ஸில் போவதா என்று கணக்குப் போடுகிறார். எதில் போனால் வெற்றிலைக்கு மிஞ்சும், எதில் போனால் அரைக் கோப்பைக் காப்பிக்கு மிஞ்சும் என்ற கணக்கு. அந்த முனை எப்படி இருந்தது என்று ஆசிரியர் பத்தி பத்தியாக வருணிக்கத் தேவையே இல்லை. பையில் இருக்கும் சில்லறையே அந்த ஊரையும் அந்த மனிதரையும் காட்டிவிடுகிறது. அப்புறம் கடவுள் வந்து நிற்கிறார். வானம் பிளக்கவில்லை, திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். அவ்வளவு பெரிய விஷயத்தை அவ்வளவு சின்னப் பேச்சில் தொடங்கிய துணிச்சலை நினைத்து நினைத்து மகிழ்கிறேன். சென்னையில் டிராம் 1953-இல் நின்றுவிட்டது. டிராமைக் கண்ணால் பார்க்காத இந்தத் தலைமுறைக்கும் அந்தச் சில்லறைக் கணக்கு புரிகிறது. காட்சி எழுத விரும்பும் ஒவ்வொருவரும் அந்த முதல் இரண்டு பக்கங்களைத் தம் கையால் ஒருமுறை பார்த்து எழுதிப் பழகலாம்.

பேச்சின் நீளத்தை முடிவு செய்வது யார் என்று கேட்டு ஒரு தம்பி கடிதம் போட்டிருந்தார். நல்ல கேள்வி. இடமும் வேலையும்தான் முடிவு செய்கின்றன. காசிமேட்டில் விடிவதற்கு முன் நடக்கிற ஏலத்தில் பேச்சே தொகைதான்; முழு வாக்கியம் பேசுகிறவருக்கு மீன் கிடைக்காது. அதே காசிமேடு மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள், வேறு ஊர். விசைப்படகுகள் கட்டியே கிடக்கும். வலை பழுது பார்க்கிற கை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, வாய் நிதானமாகப் பேசும். பழைய கதை, கடன், மகள் கல்யாணம் எல்லாம் வரும். ஏலத்தின் நடுவே கல்யாணப் பேச்சை நீட்டி எழுதியவர்கள் அதை அப்படியே மே மாதத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு சொல் மாற்றாமலே காட்சி நின்றுவிடும்.

தொழிற்சாலைக்குள் பாதிப் பேச்சு கையால் நடக்கும். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948-இல் பிறந்தது. பின்னாளில் அது அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு 1955-இல் வந்தது. டயர், தீப்பெட்டி, உரம், அனல்மின் நிலையம் என்று இந்தப் பகுதியின் மூன்று தலைமுறை இயந்திர இரைச்சலுக்குள் வாழ்ந்திருக்கிறது. இரைச்சலுக்குள் நண்பனிடம் சண்டை போடுவது எப்படி? மன்னிப்புக் கேட்பது எப்படி? ஷிப்ட் மாறும் நேரத்தில், சங்கு ஊதி முடிந்த பிறகு, சைக்கிள் ஸ்டாண்டில் திடீரென்று குரல் பெரிதாகக் கேட்கும், ஏனென்றால் உள்ளே கத்திப் பேசிய பழக்கம் இன்னும் விடவில்லை. இதை எழுதினால் தொழிற்சாலையை எழுதியதுபோல்தான். புகைபோக்கியைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். ஆலைக்குள் நடக்கும் காட்சிகள் இந்தக் குவியலில் மிகக் குறைவு. வேலை செய்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள் தயங்காமல் எழுத வேண்டும்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கோ நேரம் ஏராளம். அவரும் கிளீனரும் பேசுவது நீளலாம், சுற்றிச் சுற்றி வரலாம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் கொருக்குப்பேட்டையில் ஏறி விம்கோ நகரில் இறங்குகிறவரின் பேச்சு சில நிலையங்களுக்குள் முடிந்தாக வேண்டும். கடன் கேட்க வந்தவர் எந்த நிலையத்தில் வாய் திறப்பார் என்று யோசியுங்கள். இறங்குவதற்கு முந்தின நிலையத்தில் என்றால் கேட்கவே துணிவில்லாதவர். ஏறியவுடன் என்றால் வேறு மாதிரியான ஆள்.

பேச்சு மொழி பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சென்னைத் தமிழில் எழுதலாமா? கட்டாயம் எழுதலாம். சேரி மக்களின் பேச்சுக்கு இலக்கியத்தில் கௌரவமான இடம் உண்டு என்று ஜெயகாந்தன் எப்போதோ நிலைநாட்டிவிட்டார். 1965-இல் ‘உன்னைப் போல் ஒருவன்’ நாவலைத் தாமே படமாகவும் எடுத்தார். தெலுங்கும் உருதும் கலந்து வளர்ந்த இந்தப் பேச்சில் கொஞ்சலும் இருக்கிறது, கணக்கு வழக்கும் இருக்கிறது, இரங்கலும் இருக்கிறது. ஆனால் வந்த பக்கங்களில் பல, ‘கீது’, ‘இன்னா’ என்று எழுதியவுடனே யார் கையிலாவது ஒரு கத்தியைக் கொடுத்துவிடுகின்றன. சினிமா பார்த்து வந்த பழக்கம் இது, வருத்தமாக இருக்கிறது. இந்த மொழி பேசுகிறவர்களில் கிரேன் ஓட்டுகிறவர் இருக்கிறார், ஸ்டான்லி மருத்துவமனையில் செவிலியராக இருப்பவர் இருக்கிறார், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர் இருக்கிறார், குத்துச்சண்டைப் பயிற்சிக்கு விடியற்காலையில் எழுந்து ஓடுகிற பெண் இருக்கிறாள். அவர்கள் மீன் வாங்குவதையும், மகனுக்கு ஃபீஸ் கட்டுவதையும், மாமியாரிடம் கோபித்துக்கொள்வதையும் அதே மொழியில் எழுதுங்கள்.

எல்லார் வாயிலும் ஒரே பேச்சை வைக்கவும் வேண்டாம். மளிகைக்கடை அண்ணாச்சி நெல்லைத் தமிழ் பேசுவார். துப்புரவுப் பணி செய்யும் குடும்பம் வீட்டுக்குள் தெலுங்கு பேசும். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் டீக்கடையில் தமிழ் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் வருவது விலையும் ‘அண்ணா’வும்தான். கடைக்காரர் அவர்களிடம் பேசும்போது தம் தமிழையே கொஞ்சம் மாற்றிக்கொள்வார். மறுபடியும் பாருங்கள், கேட்போர் மாறினால் கூற்று மாறுகிறது. ஒவ்வொரு சொல்லையும் ஒலித்தபடியே எழுதித் தாளை நிரப்பவும் வேண்டியதில்லை. வாக்கியம் முடிகிற விதத்தையும் விளிச்சொல்லையும் சரியாகப் பிடித்துவிட்டால் போதும், மிச்சத்தை வாசகர் தம் காதாலேயே கேட்டுக்கொள்வார்.

உங்கள் காட்சியை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பேச்சுக்குப் பக்கத்திலும் அது யார் காதுக்கு என்று பென்சிலால் எழுதுங்கள். ‘வாசகருக்கு’ என்று எழுத நேர்கிற வரிகளை அடித்துவிடுங்கள். அவற்றில் இருக்கும் உண்மை உங்களுக்கு முக்கியம் என்றால், அதை ஒரு பொருளிலோ, ஒரு செய்கையிலோ, ஒரு மழுப்பலிலோ கொண்டுவாருங்கள். பிறகு ஒருவரை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் அந்த வேலை தெரிந்தவரிடமே. ஏலம் போடுகிறவர் தலையசைத்தால் உங்கள் ஏலக் காட்சி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

திருத்திய பக்கங்களுக்காகச் சிறப்பிதழில் இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறோம். இன்னும் எழுதத் தொடங்காதவர்களும் அனுப்பலாம். கையெழுத்துப் பிரதியும் ஏற்போம். எழுதத் தெரியாத பாட்டி சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதி அனுப்பினால் இருவர் பெயரையும் போடுவோம். முகவரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எழுதுங்கள், காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்